ஓடூவில் வெளிச்செல்லும் அஞ்சல் சர்வர்: சோதனை வெற்றி, ஆனால் விற்பனைப் பிரிவின் அஞ்சல் போவதில்லை

பம்ப்செட் அலுவலகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் மோட்டார் பம்புகளுக்கான உதிரிபாகங்கள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் கணக்கு, கணினி ஆகிய இரண்டையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஓடூ என்ற வணிக நிர்வாக மென்பொருளின் 16ஆம் பதிப்பை, கட்டணமில்லாத கம்யூனிட்டி வகையை, வாடகைக் கிளவுட் சர்வர் ஒன்றில் வெளியாள் ஒருவரைக் கொண்டு நிறுவினோம். விற்பனை ஆணை, சரக்கு இருப்பு, இன்வாய்ஸ் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. அஞ்சல்தான் இன்னும் வழிக்கு வரவில்லை. இதுவரை செய்தவற்றை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். பிழை எங்கே என்று அறிந்தவர்கள் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்.

தொடக்கத்தில் வெளிச்செல்லும் அஞ்சல் சர்வர் என்று எதையும் நாங்கள் பதிவு செய்திருக்கவில்லை. அப்படியிருந்தும் விலைப்புள்ளியை அனுப்பினால், அனுப்பியாயிற்று என்றே ஓடூ காட்டியது. ஒரு வாரம் கழித்து ஈரோட்டு வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, விலை கேட்டு எத்தனை நாள் காத்திருப்பது என்று கடிந்துகொண்ட பிறகுதான், அதுவரை ஓர் அஞ்சல்கூட எவருக்கும் போய்ச் சேரவில்லை என்பது தெரிந்தது. திரும்பி வந்த அஞ்சல் என்றும் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு டெவலப்பர் மோடை இயக்கி, செட்டிங்ஸில் டெக்னிக்கல் பகுதிக்குள் இருக்கும் அவுட்கோயிங் மெயில் சர்வர்ஸ் பக்கத்தில் ஒரு பதிவு உருவாக்கினேன். எங்கள் டொமைனின் அஞ்சல் பெட்டிகள் வேறொரு சேவை நிறுவனத்திடம் இருக்கின்றன. அவர்கள் கொடுத்த எஸ்.எம்.டி.பி. (அஞ்சல் அனுப்பும்) சர்வர் பெயர், போர்ட் 587, டி.எல்.எஸ். பாதுகாப்பு ஆகியவற்றோடு, கணக்குப் பிரிவின் பெட்டியான அக்கவுண்ட்ஸ் முகவரியையும் அதன் கடவுச்சொல்லையும் இட்டேன். டெஸ்ட் கனெக்‌ஷன் பொத்தானை அழுத்தியதும் வெற்றி என்று பச்சை நிறத்தில் செய்தி வந்தது. அன்றிலிருந்து நான் அனுப்பும் இன்வாய்ஸ்கள் போகின்றன. ஆனால் விற்பனைப் பிரிவினர் ஏழு பேரில் யார் விலைப்புள்ளி அனுப்பினாலும், 553 என்ற எண்ணோடு, அனுப்புநர் முகவரி இந்தப் பயனருக்கு உரியதன்று என்று மறுப்பு வருகிறது. எங்கள் முதலாளி ஓடூவில் தம் சொந்த ஜிமெயில் முகவரியைக் கொடுத்திருக்கிறார்; அவருக்கும் இதே கதைதான்.

இதற்கிடையில் டொமைன் விவரங்களை வைக்கும் டி.என்.எஸ். பக்கத்தில், எந்தெந்த சர்வர்கள் எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். பதிவு வேண்டும் என்று ஒருவர் சொன்னதால், ஏற்கெனவே இருந்த பதிவுக்குக் கீழே எங்கள் கிளவுட் சர்வரின் ஐ.பி. எண்ணைக் கொண்டு இன்னொரு எஸ்.பி.எஃப். பதிவையும் சேர்த்தேன். அதன் பிறகு, நன்றாகப் போய்க்கொண்டிருந்த இன்வாய்ஸ்களும் சில இடங்களில் ஸ்பேம் பெட்டிக்குள் விழுகின்றன என்கிறார்கள். போதாக்குறைக்கு மாத இறுதியில் 140 இன்வாய்ஸ்களை ஒரே தேர்வில் அனுப்பியபோது, பாதிக்குமேல் போனபின் மற்றவை வரம்பு தாண்டியதாகத் திரும்பிவிட்டன.

நான் கேட்க விரும்புவது இதுதான். ஏழு பேருக்கும் ஏழு சர்வர் பதிவுகள் போட்டு, ஏழு கடவுச்சொற்களையும் வாங்கி ஓடூவில் வைப்பதுதான் முறையா? அப்படியானால் ஒருவர் கடவுச்சொல்லை மாற்றும்போதெல்லாம் நான் அங்கே போய் மாற்ற வேண்டியிருக்குமே?

பதிவுத்தபால் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். ஏழு பதிவுகள் வேண்டாம், ஒன்றே போதும். ஆனால் அந்த ஒன்று யாருடைய பெயரில் போகிறது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். இப்போது அதை ஓடூவே முடிவு செய்துகொண்டிருக்கிறது.

மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடங்களில் இருக்கிறது. நாம் திரையில் காணும் ஃப்ரம் வரி கடிதத்தின் தலைப்பு போன்றது. அனுப்பும் சர்வரும் பெறும் சர்வரும் பேசிக்கொள்ளும்போது முதலில் சொல்லப்படும் முகவரி உறைமேல் எழுதப்படுவது. கடிதம் சேராவிட்டால் அது அந்த முகவரிக்குத்தான் திரும்பும். உங்கள் அமைப்பில் உள்நுழைவது அக்கவுண்ட்ஸ் பெட்டி. உறைமேலும் தலைப்பிலும் இருப்பது விற்பனைப் பிரிவு ஊழியரின் முகவரி. ஒரு நிறுவனத்தின் கணக்கில் நுழைந்துகொண்டு இன்னொரு நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணில் இ-வே பில் எடுக்க முயன்றால் எப்படி விட மாட்டார்களோ, அப்படித்தான் அஞ்சல் நிறுவனமும் விடவில்லை. 553 என்பது அவர்களுடைய கோளாறன்று; அவர்கள் தம் வேலையைச் சரியாகச் செய்வதற்கு அடையாளம்.

டெஸ்ட் கனெக்‌ஷன் ஏன் பச்சை காட்டியது என்று குழம்ப வேண்டாம். சர்வர் பதிவில் ஃப்ரம் ஃபில்டர் என்றொரு கட்டம் உண்டு; எந்த அனுப்புநர் முகவரிகளுக்கு அந்தச் சர்வர் என்று குறிப்பது அது. அது காலியாக இருந்தால், அந்தப் பொத்தானை அழுத்துகிறவர் எவரோ அவருடைய முகவரியை வைத்துத்தான் ஓடூ சோதிக்கிறது. அஞ்சல் எதையும் முழுமையாக அனுப்பிப் பார்ப்பதும் இல்லை. நீங்கள் அக்கவுண்ட்ஸ் முகவரியோடு உள்நுழைந்து அழுத்தினீர்கள், வெற்றி கிடைத்தது. அதே பொத்தானை உங்கள் முதலாளி அழுத்தியிருந்தால் அன்றே உண்மை தெரிந்திருக்கும்.

தொடக்கத்தில் நடந்ததற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். சர்வர் பதிவு எதுவும் இல்லாதபோது, ஓடூ தான் இருக்கும் கணினியிலேயே 25ஆம் போர்ட்டில் யாராவது கேட்கிறார்களா என்று பார்க்கும். உங்களுக்கு நிறுவிக் கொடுத்தவர் அங்கே போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளை வைத்திருக்க வேண்டும். அது அஞ்சலை வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டது. வாங்கிக்கொண்டதையே ஓடூ அனுப்பியதாகக் கணக்கெழுதியது. வெளியே செல்லும் 25ஆம் போர்ட்டைக் கிளவுட் நிறுவனங்கள் பல முன்னிருப்பாகவே அடைத்து வைத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் முயன்றுவிட்டு, சேரவில்லை என்ற அறிவிப்பை எழுதும். அந்த அறிவிப்பும் அதே அடைத்த கதவு வழியாகத்தானே உங்களிடம் வர வேண்டும்? அதனால்தான் உங்களுக்குத் தடயமே கிடைக்கவில்லை. அந்தக் கணினியின் மெயில் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள்; இணைப்பு நேரம் கடந்தது என்ற வரி நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: உங்கள் அஞ்சல் நிறுவனத்திடம் நோட்டிஃபிகேஷன்ஸ் என்ற பெயரில் ஒரு பெட்டியைப் புதிதாக உருவாக்குங்கள். தனியாள் எவருக்கும் உரியதல்லாத பெட்டி என்பதால், ஊழியர் விலகினாலும் கடவுச்சொல் மாறாது. சர்வர் பதிவில் அக்கவுண்ட்ஸை எடுத்துவிட்டு இந்தப் பெட்டியின் முகவரியையும் கடவுச்சொல்லையும் இடுங்கள். பொது அமைப்புகளில் அலையஸ் டொமைன் என்ற இடத்தில் உங்கள் டொமைனை எழுதுங்கள். ஃப்ரம் ஃபில்டர் என்ற கட்டத்தில் அதே டொமைனை எழுதுங்கள். முதலாளியின் ஜிமெயில் முகவரியை ஓடூவிலிருந்து நீக்கி, டொமைன் முகவரியைக் கொடுங்கள். ஜிமெயில் பெயரைத் தாங்கி வேறொரு சர்வரிலிருந்து புறப்படும் அஞ்சலை ஏற்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஃப்ரம் வரியில் ஜிமெயில் முகவரியைப் போலியாக இட வேண்டாம் என்று கூகுளின் அனுப்புநர் விதிகளே சொல்கின்றன.

எஸ்.பி.எஃப். பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறும் சர்வர் இரண்டில் எது சரி என்று ஆராய்ந்துகொண்டிருக்காது. நிலையான பிழை என்று முடித்துவிடும். அதாவது இரண்டாவதைச் சேர்த்ததன் மூலம் நன்றாக இருந்த முதலாவதையும் செல்லாக்காசு ஆக்கிவிட்டீர்கள். கிளவுட் சர்வரின் ஐ.பி. எண்ணிலிருந்து உலகத்துக்கு நேராக அஞ்சல் எதுவும் புறப்படப் போவதில்லை என்பதால் அது தேவையுமில்லை. அந்த இரண்டாவது பதிவை அப்படியே அழித்துவிடுங்கள். அதோடு உங்கள் அஞ்சல் நிறுவனத்தின் பக்கத்தில், அஞ்சல் உங்கள் டொமைனுடையதுதான் என்று காட்டும் டி.கே.ஐ.எம். கையொப்பத்தை இயக்கி, அவர்கள் தரும் சாவியை டி.என்.எஸ்.இல் சேருங்கள்.

பம்ப்செட் அலுவலகம் எழுதியது:

பதிவுத்தபால் ஐயாவுக்கு நன்றி. ஈரோட்டு விலைப்புள்ளி எங்கே போனது என்ற புதிர் விடுபட்டது. மெயில் லாக்கில் நீங்கள் சொன்ன வரிதான் பக்கம் பக்கமாக இருக்கிறது.

ஆனால் நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் செய்த பிறகு, நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. முன்பு நான் அனுப்பும் இன்வாய்ஸாவது போய்க்கொண்டிருந்தது. இப்போது எவர் அனுப்பினாலும் அதே 553. டெஸ்ட் கனெக்‌ஷனை முதலாளியின் உள்நுழைவிலிருந்தும் அழுத்திப் பார்த்தேன், பச்சைதான். நோட்டிஃபிகேஷன்ஸ் பெட்டிக்குள் உலாவி வழியாக நுழைந்து கையால் ஓர் அஞ்சல் அனுப்பினேன், அதுவும் போகிறது. ஓடூ அனுப்பினால் மட்டும் மறுக்கப்படுகிறது.

நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் வணக்கம். இதே இடத்தில் நானும் ஒரு முழு நாளைத் தொலைத்தவன் என்பதால் எழுதுகிறேன். பதிவுத்தபால் அவர்கள் சொன்ன திசை சரி. ஒரே ஒரு கட்டத்தில் எழுதிய சொல் மட்டும் உங்கள் சூழலுக்குப் பொருந்தவில்லை.

ஓடூவில் மூன்று சிறப்பு முகவரிகள் உண்டு. சிஸ்டம் பாராமீட்டர்ஸ் பக்கத்தைத் திறந்தால் அவை மூன்றும் இருக்கும். நோட்டிஃபிகேஷன்ஸ் என்பது ஓடூ தன் சார்பில் எழுதும்போது இடும் பெயர். கேட்ச்ஆல் என்பது பதில்கள் வந்து சேர வேண்டிய பெயர். பவுன்ஸ் என்பது சேராத அஞ்சல் திரும்ப வேண்டிய பெயர். இவை @ குறிக்கு முன் வரும் வெறும் முற்பாதிகள். அலையஸ் டொமைன் எழுதப்படாத வரையில் பவுன்ஸ், கேட்ச்ஆல் இரண்டும் உயிர் பெறுவதில்லை; அதனால்தான் தொடக்கத்தில், அனுப்புகிறவரின் முகவரியே உறைமேலும் இருந்தது. டொமைனை எழுதியவுடன் மூன்றும் முழு முகவரிகளாகிவிட்டன. இனி ஃப்ரம் ஃபில்டர் அனுமதிக்கும் இடங்களிலெல்லாம் ஓடூ உறைமேல் பவுன்ஸ் முகவரியையே எழுதும். நீங்கள் ஃபில்டரில் முழு டொமைனையும் எழுதியிருக்கிறீர்கள். பவுன்ஸ் முகவரியும் அந்த டொமைனில்தானே இருக்கிறது? ஆகவே விற்பனைப் பிரிவினர், நீங்கள், முதலாளி என்று யார் அனுப்பினாலும் உறைமேல் பவுன்ஸ்தான். அப்படியொரு பெட்டி உங்கள் அஞ்சல் நிறுவனத்திடம் இல்லை. இருந்தாலும் நோட்டிஃபிகேஷன்ஸ் பெட்டிக்கு அந்தப் பெயரில் அனுப்பும் உரிமை இல்லை. சோதனைப் பொத்தானோ பவுன்ஸ் முகவரியைத் தொடுவதே இல்லை, நோட்டிஃபிகேஷன்ஸ் முகவரியை வைத்து மட்டும் தட்டிப் பார்க்கிறது. அந்தப் பச்சைச் செய்தியை நான் இப்போதெல்லாம் கடவுச்சொல்லில் எழுத்துப்பிழை இல்லை என்பதற்கு மேல் எதற்கும் சான்றாகக் கொள்வதில்லை.

ஃப்ரம் ஃபில்டர் கட்டத்தில் டொமைனை அழித்துவிட்டு, நோட்டிஃபிகேஷன்ஸ் பெட்டியின் முழு முகவரியை எழுதுங்கள். அப்போது என்ன நடக்கும் என்றால், விற்பனைப் பிரிவு ஊழியர் விலைப்புள்ளி அனுப்பும்போது அவருடைய முகவரி ஃபில்டரோடு பொருந்தவில்லை என்று ஓடூ காண்கிறது. நோட்டிஃபிகேஷன்ஸ் முகவரி பொருந்துகிறது என்றும் காண்கிறது. உடனே ஃப்ரம் வரியில் அவருடைய பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, முகவரியை மட்டும் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று மாற்றிவிடும். பவுன்ஸ் முகவரி ஃபில்டரோடு பொருந்தாததால் உறைமேலும் நோட்டிஃபிகேஷன்ஸ்தான் எழுதப்படும். உள்நுழைந்தவர், உறை, தலைப்பு மூன்றும் ஒரே முகவரி ஆகிவிடுவதால் மறுப்பதற்கு ஏதும் இல்லை.

இதற்கு விலையும் உண்டு. சேராத அஞ்சல்கள் நோட்டிஃபிகேஷன்ஸ் பெட்டிக்குத் திரும்பும். வாரத்தில் இரண்டு முறையாவது யாராவது அதைத் திறந்து பார்க்க வேண்டும். இன்னொன்று இதைவிட முக்கியமானது. வாடிக்கையாளர் பதில் பொத்தானை அழுத்தினால் அந்தப் பதில் கேட்ச்ஆல் முகவரிக்குப் போகும், ஏனென்றால் ஓடூ ரிப்ளை டு வரியில் அதைத்தான் எழுதுகிறது. அந்த முகவரி உங்கள் அஞ்சல் நிறுவனத்திடம் இல்லையென்றால், விலைப்புள்ளி ஒழுங்காகப் போய், அதற்கு வரும் ஆர்டர் திரும்பி ஓடும். முந்தைய நிலையைவிட இது மோசம், ஏனென்றால் இந்த முறை பிழைச் செய்தி வாடிக்கையாளருக்கு வரும், உங்களுக்கு வராது. கேட்ச்ஆல் முகவரியை இன்றே மாற்றுப்பெயராக உருவாக்கி, விற்பனைப் பிரிவு எல்லோரும் பார்க்கும் பொதுப் பெட்டிக்குத் திருப்பிவிடுங்கள். பிறகு பொறுமையாக உள்வரும் அஞ்சல் சர்வரையும் அமைத்தால், பதில்கள் அந்தந்த விலைப்புள்ளியின் அடியிலேயே வந்து அமரும்.

இவை 16ஆம் பதிப்புக்குச் சொன்னவை. 17ஆம் பதிப்பில் அலையஸ் டொமைன் தனிப்பக்கமாகி, ஒரே ஓடூவில் இருக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வெவ்வேறு டொமைன் வைத்துக்கொள்ள வழி வந்துவிட்டது. மேம்படுத்தும்போது இந்த இடத்தை மறுபடி பார்க்க மறக்காதீர்கள்.

லினக்ஸ் திண்ணை எழுதியது:

இவ்வளவு சுற்றுவழி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. சர்வர் உங்களுடையது, அதில் போஸ்ட்ஃபிக்ஸும் இருக்கிறது. கிளவுட் நிறுவனத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி 25ஆம் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஐ.பி. எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் எதிர்ப்பதிவு, அதாவது பி.டி.ஆர். பதிவு போடுங்கள், ஓப்பன்டிகிம் நிறுவி டி.கே.ஐ.எம். கையொப்பமிடுங்கள். உறைமேல் எந்த முகவரியை எழுதினாலும் கேட்பவர் இல்லை, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்ற வரம்பும் இல்லை. மாத வாடகையைத் தவிரக் காசும் செலவில்லை. என் நண்பர்கள் இருவருக்கு இப்படித்தான் அமைத்துக் கொடுத்தேன்.

பதிவுத்தபால் எழுதியது:

முதலில், நொய்யல்கரை அவர்களுக்கு நன்றியும் கேள்வி கேட்ட நண்பரிடம் மன்னிப்பும். ஃபில்டரில் டொமைனை எழுதச் சொன்னது என் தவறு. நான் பெரும்பாலும், மென்பொருள்களின் அஞ்சலை வாங்கி அனுப்பிக் கொடுக்கும் ரிலே சேவைகளோடு பழகியவன். அங்கே உரிமை ஒரு பெட்டிக்குத் தரப்படுவதில்லை, டொமைனுக்கே தரப்படுகிறது. எடுத்துக்காட்டாக அமேசான் எஸ்.இ.எஸ். சேவையில் டொமைனை ஒருமுறை சரிபார்த்துவிட்டால், அந்த டொமைனின் எந்த முற்பாதியை வேண்டுமானாலும் இட்டு அனுப்பலாம். அங்கே ஃபில்டரில் டொமைனை எழுதுவதே சரி. சாதாரண அஞ்சல் பெட்டியின் வழியாக அனுப்பும்போது முழு முகவரியை எழுதுவதே சரி. இந்த வேறுபாட்டை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

திண்ணை அவர்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். நானும் பல ஆண்டுகள் அப்படி நடத்தியவன். ஆனால் போர்ட் திறந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. வாடகை ஐ.பி. எண்ணை உங்களுக்கு முன் வைத்திருந்தவர் குப்பை அனுப்பியிருந்தால், அந்தப் பழியை உங்கள் விலைப்புள்ளிகள் சுமக்கும். தடைப்பட்டியலில் விழுந்தால் எழுதிக் கேட்டு நீக்குவதற்கு ஒரு ஆள் வேண்டும். கணக்கையும் கணினியையும் ஒருவரே பார்க்கும் அலுவலகத்தில், மார்ச் மாதக் கடைசி வாரத்தில், இந்த வேலையை யார் செய்வது? பத்துக் கொள்முதல் ஆணைகள் நின்றுபோனால் அதன் இழப்பு, அஞ்சல் நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஓராண்டுக் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமென்றால், ரிலேஹோஸ்ட் என்ற வரியில் அஞ்சல் நிறுவனத்தின் சர்வரைக் குறிப்பிட்டு, இடைத்தரகராக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் பழைய சிக்கல் ஒன்று திரும்ப வரும்: அஞ்சல் போஸ்ட்ஃபிக்ஸின் கைக்கு வந்ததுமே ஓடூ அனுப்பியாயிற்று என்று எழுதிவிடும், மறுப்பு வந்தால் அது ஓடூவில் தெரியாது. ஆகவே என் கருத்து, இந்த நண்பரின் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திவிடுவதே நல்லது. அப்போது சர்வர் பதிவை யாராவது தவறுதலாக நீக்கினாலும் ஓடூ உடனே பிழை காட்டும். ஈரோட்டு வாடிக்கையாளர் தொலைபேசியில் திட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மாத இறுதி 140 இன்வாய்ஸ்களைப் பற்றி: அஞ்சல் பெட்டி என்பது ஓர் ஆள் ஒரு நாளில் எழுதக்கூடிய அளவை எண்ணி விற்கப்படுவது. சாதாரண ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 500, கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு 2,000, மைக்ரோசாஃப்ட் 365இல் ஒரு நிமிடத்துக்கு 30 என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு உண்டு. உங்கள் நிறுவனத்தின் வரம்பு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, இன்வாய்ஸ்களை மூன்று தவணையாக அனுப்புங்கள். எண்ணிக்கை ஐந்நூறு, ஆயிரம் என்று வளரும்போது, அவற்றுக்கென்று ஒரு துணை டொமைனும் ரிலே சேவையும் எடுத்து, ஓடூவில் இரண்டாவது சர்வர் பதிவாகச் சேர்க்கலாம். அந்தத் துணை டொமைனை ஃபில்டரில் எழுதிவிட்டால், அந்த முகவரியிலிருந்து புறப்படுபவை மட்டும் அந்த வழியாகப் போகும். எஸ்.இ.எஸ். எடுத்தால், புதிய கணக்கு சோதனைக் கூண்டுக்குள் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 24 மணி நேரத்துக்கு 200 அஞ்சல், அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். வெளியே விடும்படி விண்ணப்பித்து ஒப்புதல் வந்த பிறகே உண்மையான வாடிக்கையாளருக்கு அனுப்ப முடியும்.

587ஆ, 465ஆ என்று யாராவது கேட்பதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். 587 என்பது 1998இல் அஞ்சல் ஒப்படைப்புக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டது. பேச்சைத் திறந்த நிலையில் தொடங்கி நடுவில் மறையாக்கத்துக்கு மாறும். 465 தொடக்கத்திலிருந்தே மறையாக்கம்; நடுவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதிகாரபூர்வமில்லாமல் இருந்து, 2018இல் மறுபடி ஏற்கப்பட்டது. இரண்டும் நல்லவையே. ஓடூவில் 587க்கு டி.எல்.எஸ். என்ற தேர்வும், 465க்கு எஸ்.எஸ்.எல். என்று தொடங்கும் தேர்வும் இருக்க வேண்டும்; மாற்றிப் போட்டால் இணைப்பு தொங்கிக்கொண்டே நிற்கும்.

பம்ப்செட் அலுவலகம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. திண்ணை ஐயாவின் யோசனையை மறுப்பதாக நினைக்க வேண்டாம். எங்களிடம் அதற்கு ஆள் இல்லை என்பதுதான் காரணம்.

ஃபில்டரில் முழு முகவரியை எழுதிய அடுத்த நிமிடம் விலைப்புள்ளி போய்விட்டது. என் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, அஞ்சலின் மூலத்தைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். டி.கே.ஐ.எம். தேறியிருந்தது, எஸ்.பி.எஃப். முதலில் பிழை என்றே காட்டியது. இரண்டாவது பதிவை அழித்த பிறகும் ஏன் இப்படி என்று பதறினேன், டி.என்.எஸ்.இல் அந்தப் பதிவின் ஆயுள், அதாவது பழையதை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம், 14,400 வினாடிகள் என்று இருந்தது. நான்கு மணி நேரம் கழித்து மறுபடி அனுப்பியபோது இரண்டும் தேறின. டிமார்க் என்றொரு வரிக்கு அங்கே விடையே இல்லை. அதற்கும் ஒரு பதிவு போட வேண்டுமா?

முதலாளிக்கு ஒரு குறை இருக்கிறது. தம் பெயருக்குப் பக்கத்தில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வருவது மரியாதையாக இல்லை என்கிறார். அதை மாற்ற முடியுமா?

நொய்யல்கரை எழுதியது:

டிமார்க் பதிவு போடுங்கள். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். சோதனைகளில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று பெறுவோருக்குச் சொல்லும் பதிவு அது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகுவும் பெருமளவில் அனுப்புவோரிடம் அதைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஜிமெயிலின் கணக்கில் பெருமளவு என்பது ஒரு நாளைக்கு 5,000. உங்களுக்கு அந்த எண்ணிக்கை எட்டாது என்றாலும், உங்கள் டொமைன் பெயரில் வேறொருவர் போலி இன்வாய்ஸ் அனுப்பினால் அது உங்களுக்கு அறிக்கையில் தெரியும். முதலில் கொள்கையை ‘நன்’ (none, அதாவது நடவடிக்கை வேண்டாம்) என்று வைத்து, அறிக்கை வரும் முகவரி ஒன்றைக் கொடுத்து, இரண்டு மூன்று வாரம் பாருங்கள். உங்கள் அமைப்பில் ஃப்ரம் வரியும் உறையும் கையொப்பமும் ஒரே டொமைன் என்பதால் அது சுலபமாகத் தேறும். அறிக்கையில் உங்களுக்குத் தெரியாத சர்வர் எதுவும் இல்லை என்று உறுதியான பின்னரே கொள்கையை இறுக்குங்கள்.

முதலாளியின் குறைக்கு மருந்து உண்டு. நோட்டிஃபிகேஷன்ஸ் என்ற சொல் கல்லில் செதுக்கியதன்று. சிஸ்டம் பாராமீட்டர்ஸ் பக்கத்தில் மெயில்.டிஃபால்ட்.ஃப்ரம் என்ற வரியில், ஆபீஸ் என்றோ உங்கள் பொருளின் பெயரையோ முற்பாதியாக எழுதிக்கொள்ளலாம். அதே பெயரில் பெட்டி இருக்க வேண்டும், சர்வர் பதிவின் உள்நுழைவிலும் ஃபில்டரிலும் அதையே மாற்ற வேண்டும். மூன்றில் ஒன்றை மறந்தாலும் 553 மறுபடி வந்து நிற்கும்.

இன்னொரு எச்சரிக்கை. டெக்னிக்கல் பகுதியில் ஈமெயில்ஸ் பட்டியலில், மறுக்கப்பட்ட பழைய அஞ்சல்கள் எல்லாம் டெலிவரி ஃபெயில்டு என்ற நிலையில் இன்னும் உட்கார்ந்திருக்கும். ஆர்வத்தில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ரீட்ரை பொத்தானை அழுத்திவிடாதீர்கள். தேவையற்றவற்றை முதலில் ரத்து செய்யுங்கள். பல வாரங்களுக்கு முந்தைய விலைப்புள்ளிகளும் அவற்றில் இருக்கும்.

பம்ப்செட் அலுவலகம் எழுதியது:

ஆபீஸ் என்று மாற்றிவிட்டேன், முதலாளிக்குத் திருப்தி. டிமார்க் பதிவும் போட்டாயிற்று. மாத இறுதி இன்வாய்ஸ்களில் நின்றுபோனவற்றை இரண்டு தவணையாக அனுப்பி முடித்தேன்.

எச்சரிக்கை மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாகக் கண்ணில் பட்டது. நான் அதற்குள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ரீட்ரை அழுத்தியிருந்தேன். செம்பு விலை ஏறுவதற்கு முன் போட்ட விலைப்புள்ளிகள் பதினொன்று புறப்பட்டுப் போய்விட்டன. பத்துப் பேரைத் தொலைபேசியில் பிடித்து விளக்கிவிட்டோம். பதினோராமவர் முந்திக்கொண்டு, பழைய விலைக்கே ஆர்டர் போட்டுப் பதில் அனுப்பிவிட்டார். கேட்ச்ஆல் முகவரி வழியாக விற்பனைப் பிரிவின் பொதுப் பெட்டிக்கு ஒழுங்காக வந்து சேர்ந்த முதல் அஞ்சல் அதுதான். அந்த விலைக்கே கொடுத்துவிடச் சொல்லிவிட்டார் முதலாளி.